குரல்காரனின் நிழல்

தை மாதம் பன்னிரண்டாம் தேதி காலையில், ஈட்டிமேடு என்ற மலையூரில் எப்போதோ வெட்டுப்பட்டு விழுந்த மரங்களின் நிழல்கள் திரும்பி வந்தன. மரங்கள் வரவில்லை. எஸ்டேட் குடோனில் காவல் வேலை பார்க்கும் நஞ்சப்பன் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், வெயில் விழ வேண்டிய இடத்தில் ஓர் ஈட்டிமரத்தின் நிழல் அடிமரமும் கவட்டையும் பொடி இலைகளுமாகக் கிடப்பதைக் கண்டார், அண்ணாந்து பார்த்தார், வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாக இருந்தது, மேலே ஒரு குச்சிகூட இல்லை, மறுபடி தரையைப் பார்த்தார், காற்று வந்தபோது தரையில் இலைகள் அசைந்தன. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, துவைத்து வைத்திருந்த வேட்டியைக் காயப்போட வீட்டுக்குப் பின்புறம் போனார். அங்கே இரண்டு நிழல்கள் கிடந்தன.

பொள்ளாச்சியிலிருந்து வந்த முதல் பஸ் கடைசிக் கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும், ரோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்து கிடக்கிறது என்று டிரைவர் பிரேக் போட்டார், இறங்கி வந்து காலால் தேய்த்துப் பார்த்தார், நிழல்தான் என்று தெரிந்ததும் ஏறி ஓட்டிக்கொண்டு போனார், மறுநாளிலிருந்து பிரேக் போடவில்லை. வனத்துறையிலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்து காலையில் அளந்து எழுதிய நீளம் மத்தியானத்தில் பொருந்தாமல் போனதைப் பார்த்து, அளவில் நிற்காத பொருளுக்கு ஃபாரம் இல்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். கோழிகள் முதல் நாலு நாள் காலை பத்து மணிக்கே அடையப் போயின, பிறகு பழகிக்கொண்டன. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பழைய கொட்டகையை விட்டுவிட்டு ரேஷன் கடைக்கு எதிரே கிடந்த பெரிய நிழலுக்குள் நின்றார்கள், இரண்டு நாள் கழித்து பஸ்ஸும் அங்கேயே நிற்க ஆரம்பித்தது.

கோடாலிக்கு விழுந்த மரங்களின் நிழல்கள் மட்டும்தான் வந்திருந்தன. பின்னாளில் மெஷின் வாளுக்கு விழுந்தவை வரவில்லை. சொல் கேட்டு விழுந்த மரத்துக்குத்தான் திரும்பி வர வழி தெரியும் என்று எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பேசிக்கொண்டார்கள், அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை.

அந்தச் சொல் ஒரு ஜெர்மன் துரை கொண்டுவந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால், இந்த மலை முழுக்க ஈட்டியும் தேக்குமாக இருந்தபோது, மரம் இறக்க அவர் கீழ்நாட்டிலிருந்து ஆள் பிடித்து வந்தார். வந்தவர்கள் சோளக்காட்டு ஆட்கள், தாங்கள் வைக்காத மரத்தை வெட்டப் பயந்தவர்கள், நாலு பேர் கை கோத்தாலும் அணைக்க முடியாத மரத்துக்கு முன்னால் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். துரை கோபத்தில் தன் பாஷையில் கத்தினார், "ஹௌ!" வெட்டு என்று அதற்கு அர்த்தம் என்பது அவர் கை காட்டியதிலேயே எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்ததும் ஒரு நிம்மதி வந்தது. சொன்னவர் அவர், பாவம் சொன்ன வாய்க்கு, நம் கை வெறும் கை என்று அவர்கள் வெட்டினார்கள். துரை காய்ச்சலில் செத்துப்போன பிறகு மறுபடி எல்லாக் கோடாலியும் நின்றது, அப்போது நஞ்சப்பனின் தாத்தாவுக்கு அப்பா முன்னால் வந்து, நான் சொல்கிறேன் என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டு மூத்த ஆண்மக்கள் குரல்காரர்கள். மரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவன் அந்தப் பக்கம் ஒருவன் கோடாலியோடு நிற்பார்கள், அவர்கள் வாய் திறக்கக் கூடாது. கொஞ்சம் தள்ளிக் குரல்காரன் நிற்பான், அவன் கோடாலியைத் தொடக் கூடாது, மரத்தையும் பார்க்கக் கூடாது, தலையில் துண்டைப் போட்டு, கைகளைப் பின்னால் கட்டி, மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு ஹௌ சொல்வான். மரம் சாயப்போகிற நேரத்தில் கோடாலிக்காரர்கள் அது சாய்கிற பக்கத்தை விட்டு விலகி நின்று இருமுவார்கள், இருமல் கேட்ட பிறகு கடைசி ஹௌ, கடைசி வெட்டு. வெட்டியவன் சொல்லவில்லை, சொன்னவன் வெட்டவில்லை. பாவம் வந்து பார்த்தால் வாய் ஓரிடத்தில் இருக்கும், கை ஓரிடத்தில் இருக்கும், யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் அது திரும்பிப் போய்விடும் என்று அந்த மலையில் நாலு தலைமுறை நம்பிப் பிழைத்தது.

மரங்களின் நிழலோடு அந்த ஆட்களின் நிழலும் வந்திருந்தது. ஒவ்வொரு மரத்தடியிலும் கடைசி ஹௌவின்போது எப்படி நின்றார்களோ அப்படியே மூன்று பேர் தரையில் நின்றார்கள். இது எங்கள் பாட்டன், இந்தக் கூன் எங்கள் சின்னையன் என்று ஆட்கள் அடையாளம் கண்டார்கள், பத்தி கொளுத்தி வைத்தார்கள், புகையிலை வைத்தார்கள், கல்யாணம் ஆன ஜோடிகள் தரையில் விழுந்து கும்பிட்டபோது எந்தப் பக்கம் கால், எந்தப் பக்கம் தலை என்று பொழுதைப் பார்த்துச் சொல்லப் பெரியவர்கள் கூடவே வந்தார்கள். குரல்காரர்களின் நிழல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. துண்டு போட்ட உருண்டைத் தலை, கட்டிய கை. முகம் இல்லை.

பாவாத்தாள் வீட்டு வாசலில் மட்டும் முகம் இருந்தது.

பாவாத்தாள் நஞ்சப்பனின் தம்பி வெள்ளிங்கிரியின் மனைவி. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஈட்டிமேட்டில் கடைசியாகக் கோடாலிக்கு விழுந்த ஈட்டிமரம் வெள்ளிங்கிரியின் மேல் விழுந்தது. அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். எஸ்டேட்டில் வேறு லைனில் வீடு தருகிறேன் என்றார்கள், அவள் அந்த மரம் விழுந்த இடத்திலேயே மண் குழைத்து வீடு கட்டிக்கொண்டாள், வாசலில் மிளகு காயவைத்துப் பிழைத்தாள். அன்றைக்குக் கோடாலி பிடித்தது வெள்ளிங்கிரியும் சின்னானும், குரல் கொடுத்தது நஞ்சப்பன். போலீஸ்காரரிடமும், எஸ்டேட் ஆபீஸிலும், எழவு வீட்டிலும், அதற்குப் பிறகு கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் நஞ்சப்பன் ஒன்றைத்தான் சொன்னார். நான் முதுகைக் காட்டி நின்றேன், இருமல் கேட்டது, சொன்னேன். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை, குரல்காரனிடம் அதற்குமேல் கேட்க ஒன்றும் கிடையாது. சின்னான் மறு வருஷமே குடித்துக் குடித்துச் செத்தான்.

இப்போது அந்த வாசலில் அந்த மரம் கிடந்தது. ஒரு பக்கம் சின்னான் கோடாலியை ஓங்கி நின்றான். மரம் சாய வேண்டிய பக்கத்தில், வேரில் சிக்கிய கயிற்றை எடுப்பதற்காக வெள்ளிங்கிரி குனிந்து நின்றான். கொஞ்சம் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிய ஒரு நிழல், அதன் தலை மட்டும் தோளுக்கு மேல் திரும்பியிருந்தது. நெற்றியும் மூக்கும் திறந்த வாயும் மண்ணில் கத்தரித்து வைத்தது போலத் தெளிவாக விழுந்திருந்தன. நஞ்சப்பனின் மூக்கு நடுவில் எலும்பு புடைத்த மூக்கு. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் வாரம் ஊரே அந்த வாசல் வழியாகப் போய் வந்தது. ரேஷன் கடையில் நஞ்சப்பன் வந்து நின்றால் பேச்சு மாறியது, சர்க்கரை இந்த மாதம் ஈரமாக இருக்கிறது என்றார்கள். அதைவிட அவர்கள் காறித் துப்பியிருக்கலாம் என்று அவர் நினைத்தார். அவர் மட்டும் அந்த வாசலுக்குப் போகவில்லை. தனக்கு என்ன தெரியும் என்பதை அவர் தன்னிடமே முப்பத்தொரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று காலையில் வெள்ளிங்கிரி எல்லோர் முன்னாலும் சிரித்தது உண்மை. "எங்கண்ணன் கைல காப்பு காய்க்காத மரவெட்டி. நாக்குலதான் காய்ச்சிருக்கும், நீட்டச் சொல்லிப் பாருங்க!" அதற்கு எல்லோரும் சிரித்ததும் உண்மை. இருமல் வராதது உண்மை, வராததால் திரும்பியது உண்மை, தம்பி குனிந்து நின்றதைக் கண் பார்த்தது உண்மை. ஆனால் அந்தச் சொல் அவர் சொல்ல நினைத்து வந்ததா, இருநூறு முறை மூச்சோடு மூச்சாக வந்துகொண்டிருந்தது இருநூற்று ஓராவது முறையும் தானாக வந்ததா? சில வருஷம் ஒன்று தோன்றும், சில வருஷம் மற்றது. எது உண்மையானால் தான் குறைவான பாவி என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

மாசி நடுவில் ஊர் களைத்துப்போனது. கொடியில் போட்ட துணி மூன்று நாளாகியும் காயாமல் நாறியது, பறித்த மிளகு பூசணம் பிடித்தது, பிள்ளைகள் இருமின, கூரைமேல் வைத்த சோலார் தகடுகள் சும்மா கிடந்தன. முன்னோர்களுக்குப் பத்தி கொளுத்தியவர்களே, செத்தும் இடத்தை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்தார்கள். வார்டு மெம்பர் துரைச்சாமி, எதையும் செய்துவிட்டு யோசிக்கிற ஆள், ஒரு கோடாலியை எடுத்துப்போய் பள்ளிக்கூட மைதானத்து நிழலை அடியில் ஓங்கி வெட்டினார். மண் தெறித்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

"கொரலு இல்லாம எப்பிடி விழும்?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்.

எல்லோரும் நஞ்சப்பன் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களோடு கோயம்புத்தூர்க் கல்லூரியில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் ஜெயசீலி டீச்சரும் வந்திருந்தார், நிழல்களைப் பற்றிக் கேள்விப்பட்டு அந்தச் சொல்லுக்காக மலையேறியவர். பெரிய பை, சின்ன நோட்டு.

"பழைய சொல்லுங்க ஐயா," என்றார் டீச்சர். "அந்தப் பக்கத்து பாஷைகள் எல்லாத்துக்கும் பொது. முதல்ல வெட்டுறது, கொத்துறது. அப்புறம் கல்லைச் செதுக்குறது. அறுத்துக் காயவைக்கிற புல்லுக்கு அதுலருந்துதான் பேர் வந்துச்சு, மண் கொத்துற கருவிக்கும் அதுலருந்துதான். இன்னைக்கும் அங்க ஒருத்தரை ஒருத்தர் அடிச்சா அதுக்கும் அதே சொல்லுதான்."

"இத்தனை இருக்குதுங்களா?" என்றார் நஞ்சப்பன். "சொல்றவனுக்குப் பாவம் எவ்வளவு, வெட்டறவனுக்கு எவ்வளவுன்னு அதுல எங்காச்சும் போட்டிருக்குங்களா, டீச்சரம்மா?"

டீச்சர் நோட்டை மூடினார். "அதெல்லாம் அகராதியில போட மாட்டாங்க ஐயா."

"அண்ணா, பாவத்தை அப்புறம் பங்கு பிரிக்கலாமுங்," என்றார் துரைச்சாமி. "என்ற ஜட்டி காஞ்சு பத்து நாளாச்சு. வந்து ஒரு கொரல் குடுங்."

எல்லோரும் சிரித்தார்கள், நஞ்சப்பனும் சிரித்தார், சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். மைதானத்தில் அந்த நிழலுக்கு முதுகைக் காட்டி நின்று, முப்பத்தொரு வருஷம் வாயில் வராத சொல்லைச் சொன்னார். ஹௌ. துரைச்சாமி வெட்டினார், தரையில் கிடந்த இலைகள் எல்லாம் ஒருமுறை சிலிர்த்தன. நாற்பதாவது ஹௌவில் நிழல் சாய்ந்தது, சத்தமே இல்லாமல் சாய்ந்து, தரையைத் தொட்டதும் இல்லாமல் போனது, அதன் மூன்று ஆட்களும் அதோடு போனார்கள். அந்த இடத்தில் மஞ்சளாக வெயில் விழுந்தது, பெண்கள் ஓடிப்போய்த் துணியை விரித்தார்கள்.

அதன் பிறகு தினமும் அதே வேலை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை நஞ்சப்பன் சொன்னார், ஆட்கள் மாறி மாறி வெட்டினார்கள், நிழல்கள் விழுந்தன, பாட்டன்மார் போனார்கள், சில வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டே வெட்டச் சொன்னார்கள், ரேஷன் கடை நிழல் போனதும் பஸ் பழைய கொட்டகைக்கே திரும்பியது. நஞ்சப்பனின் தொண்டை புண்ணானது, தேன் குழைத்துக் கொடுத்தார்கள். எத்தனை நிழலைத் தள்ளினாலும் ஒரு நிழலின் பக்கம் அவர் போகவில்லை, யாரும் அவரை அந்தப் பக்கம் கூப்பிடவும் இல்லை. பங்குனி ஐந்தாம் தேதி மலை முழுவதும் வெயிலாக இருந்தது, ஒரே ஒரு வாசலைத் தவிர.

மறுநாள் பாவாத்தாளே வந்தாள். ஐம்பத்திரண்டு வயது, கையெல்லாம் மிளகுக் கறை. வாசலுக்கு வெளியே நின்றாள்.

"மாமா, எங்கூட்டுக்கு எப்ப வருவீங்க?"

"உனக்கு அது இருக்கணும்னா இருக்கட்டும் அம்மணி. யாரும் வெட்டச் சொல்லுல."

"மொளகு பூசணம் பூத்துப் போச்சுங்க. எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவங்க வாசல்ல காயவெக்கறது?" அவர் முகத்தை அவள் பார்த்தாள், முப்பத்தொரு வருஷத்தில் அப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பத்து மணிக்கு வாங்க. அப்பத்தான் எல்லாம் நல்லாத் தெரியுது."

ஊரே கூடியிருந்தது. நஞ்சப்பன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணைத் தரைக்குக் கொடுக்காமல் நடந்துவந்து, முதுகைத் திருப்பப் போனார். பாவாத்தாள் கோடாலியை அவரிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு நீங்க வெட்டுங்க. கொரலு நாங் குடுக்கறேன்."

"நாங்க கோடாலி தொடறதில்லை அம்மணி. பொம்பளைங்க குரல் குடுத்ததும் இல்லை. அந்தப் பாவம்…"

"அதை நாங் கேட்டு வாங்கிக்கறேன். புடிங்க."

அவர் வாங்கினார். கோடாலி நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சின்னானின் நிழலுக்குப் பக்கத்தில், மரத்தைப் பார்த்து, முதல் தடவையாக மரத்தைப் பார்த்து நின்றார், எதிரே தம்பி குனிந்திருந்தான். பாவாத்தாள் முதுகைத் திருப்பவில்லை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்துவைத்து, "ஹௌ" என்றாள், சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

அவர் வெட்டினார். ஒவ்வொரு வெட்டும் உள்ளங்கையில் ஏறி முழங்கையில் போய் நின்றது. இத்தனை வருஷம் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் யாரோ ஒருவன் கையில் இப்படி வலித்திருக்கிறது. ஹௌ. இலைகள் சிலிர்த்தன. ஹௌ. உள்ளங்கைத் தோல் கழன்றது. நூறு தாண்டியது, நூற்றைம்பது தாண்டியது, வேர்வை கண்ணில் இறங்கியது, உச்சிக்கிளை நடுங்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு வெட்டுத்தான் என்று கூட்டத்தில் வெட்டிப் பழகியவர்களுக்குத் தெரிந்தது, எல்லோரும் ஓர் அடி பின்னால் போனார்கள்.

நஞ்சப்பன் கோடாலியை ஓங்கினார். சொல் வரவில்லை.

ஓங்கிய கையோடு நின்றார். காக்கை ஒன்று வேலியில் வந்து உட்கார்ந்து பறந்து போனது.

"சொல்லுங்கக்கா," என்றார் துரைச்சாமி.

"எப்பிடிச் சொல்றது?" பாவாத்தாள் தரையைக் காட்டினாள். "ஆளு நிக்குதே."

"அது நெழலுங்கக்கா."

"நெழலுதான். நிக்குதா இல்லையா?"

துரைச்சாமி பார்த்தார், குனிந்திருந்த வெள்ளிங்கிரியைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். கோடாலியின் கனம் நஞ்சப்பனின் தோளிலிருந்து முதுகுக்கு இறங்கியது, முதுகிலிருந்து காலுக்கு இறங்கியது.

"அம்மணி," என்றார். "நான் பாத்தேன். அன்னைக்கு இருமல் வருல. திரும்பிப் பாத்தேன், குனிஞ்சு நின்னான். பாத்துட்டுத்தான் சொன்னேன். ஏன் சொன்னேன்னு எனக்குத் தெரியாது, சாமி சத்தியமாத் தெரியாது, ஆனாப் பாத்தேன்."

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாவாத்தாள் அழவில்லை, திட்டவில்லை. நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்த ஒன்றுக்குத் தலையாட்டுவது போல மெல்லத் தலையாட்டினாள்.

"சரிங்க மாமா. கையை எறக்கீராதீங்க. அவரு வெலகட்டும்."

மத்தியானம் ஆனதும் கூட்டம் கலைந்தது, அடுப்பு வேலை இருந்தவர்கள் முதலில் போனார்கள், பொழுது சாய்ந்ததும் நிழல்கள் போயின, நஞ்சப்பன் கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் பத்து மணிக்கு வந்து, அதே இடத்தில் நின்று, ஓங்கினார். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. குடோன் காவலுக்கு வேறு ஆள் போட்டார்கள். துரைச்சாமி தினமும் பதினொரு மணிக்கு டீ வாங்கி வந்து டம்ளரை அவர் வாயில் வைத்துப் பிடிக்கிறார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு போகின்றன. புதிதாக வருகிறவர்கள் கேட்டால், வெட்டுகிறார்கள், இன்னும் முடியவில்லை என்று சொல்கிறார்கள். பாவாத்தாள் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, முறத்தில் மிளகைக் காம்பு நீக்கியபடி, தரையில் குனிந்திருக்கும் புருஷனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நஞ்சப்பனின் வயதான கைகளில் கோடாலி தாழும்போதெல்லாம் அவள் மெதுவான குரலில், கோபமே இல்லாமல் சொல்கிறாள்.

"கொஞ்சம் பொறுங்க மாமா. இன்னும் நிக்கறாரு."